வத்தலக்குண்டு – கொடைக்கானல் மலைச் சாலை

நாள்தோறும் நாம் சாலையில் நடக்கிறோம், பேருந்தில் செல்கிறோம், சன்னலோரத்தில் இடம் கிடைத்தால் மகிழ்கிறோம். ஆனால், "இந்தச் சாலை எப்போது வந்தது? இதைப் போட்டவர்கள் யார்? இது வருமுன் மக்கள் எப்படிப் போனார்கள்?" என்று கேட்டுப் பார்ப்பதில்லை. சாலை என்றால் அது என்றும் அங்கேயே கிடந்தது போல ஓர் எண்ணம் நமக்கு.

ஒருநாள் வரலாற்று வகுப்பில் கொடைக்கானல் மலைச் சாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அதற்கு 'லாஸ் காட்' என்று ஓர் ஆங்கிலப் பெயர் உண்டென்றும், சாலையை வகுத்த மேஜர் லா என்ற பொறியாளரின் நினைவாக வைத்த பெயர் அதுவென்றும் ஆசிரியை கூறினார்கள். அப்போது எங்கள் தோழி ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், வழி காட்டியவர் பெயர் சாலைக்கு இருக்கிறது. கல் சுமந்தவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிற்று. "நல்ல கேள்வி. தேடிப் பார்த்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்றார்கள் சிஸ்டர். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

மலைக்கு ஏன் போனார்கள்?

கொடைக்கானல் பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர், அதாவது ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த ஊர். மலைக்குக் கீழே உள்ள வத்தலக்குண்டோ 300 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்று புவியியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இரு ஊர்களுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு சுமார் 1,800 மீட்டர். ஆகவே, கீழே வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது மேலே 10, 11 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்.

இந்தக் குளிர்ச்சிதான் வெள்ளையரை மலைக்கு இழுத்தது. 1821 ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்பவர் பழனி மலையின் மேற்பகுதியை அளந்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்களின் குடும்பங்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆளாயின. உடல்நலம் நாடிய அவர்கள் 1845 ஆம் ஆண்டில் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். நம் கத்தோலிக்க மறைப்பணியாளர்களும் பிந்தி விடவில்லை. இயேசு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருவாகிய லூயி சேன் சீர் அடிகளார், 1863 முதல் 1866 வரை உழைத்துச் சலேத் மாதா ஆலயத்தை எழுப்பினார். பிரான்சு நாட்டிலுள்ள லா சலேத் என்னும் மலையூரில் 1846 ஆம் ஆண்டில் அன்னை மரியாள் இரு சிறுவர்க்குக் காட்சி கொடுத்தார்கள். அதற்குள் இருபது ஆண்டுகள் முடிந்தபோது, அந்த அன்னையின் பெயரால் நம் மலையிலும் ஓர் ஆலயம் எழுந்துவிட்டது.

அதே 1863 ஆம் ஆண்டில், மதுரை ஆட்சியராக இருந்த சர் வெரே லெவிஞ் ஓடையை மறித்துக் கரை கட்டி, இன்று நாம் படகு விடும் ஏரியை உண்டாக்கினார். செண்பகனூரில் 1895 ஆம் ஆண்டில் இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி தொடங்கியது. 1899 இல் கொடைக்கானல் நகராட்சி ஆயிற்று. அதே ஆண்டில் சூரிய ஆய்வுக்கூடம் அமைக்கும் வேலையும் தொடங்கி, 1901 இல் அங்கிருந்து சூரியனை ஆராயத் தொடங்கினார்கள்.

தோழியரே, இந்த ஆண்டுகளை நன்றாகக் கவனியுங்கள். 1845, 1863, 1866, 1895, 1899, 1901. கீழிருந்து கொடைக்கானல் வரை மலைச் சாலை முழுதும் முடிந்தது 1914 ஆம் ஆண்டில்தான்! அப்படியானால், முதல் வீடு கட்டிய நாளிலிருந்து 69 ஆண்டுகள் அந்த ஊர் எப்படி வளர்ந்தது?

தோளே சாலை

1875 ஆம் ஆண்டில் தென்னிந்திய இரயில்வே மதுரைக்கு வந்தது. மலைக்குச் செல்வோர் இறங்குவதற்காக அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் அமைந்தது. அதற்கு வைத்த பெயர் 'கொடைக்கானல் ரோடு'. பெயரைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் இரயிலை விட்டு இறங்கியதும் மலை வந்துவிட்டது என்று எண்ணுவார்கள். ஆனால் அங்கிருந்து கொடைக்கானலுக்கு இன்றைய சாலை வழியாகவே 80 கிலோமீட்டர் உண்டு.

அந்நாளில் இரயிலிலிருந்து இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் ஏறி, இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளத்தின் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவார்கள். அங்கிருந்து மேலே பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தான நடைபாதை. அதற்கு வெள்ளையர் வைத்த பெயர் 'கூலி காட்'. மட்டக்குதிரை ஏறத் தெரிந்தவர்கள் குதிரையில் போனார்கள். துரைமார்களின் மனைவியரும் குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் டோலியில் போனார்கள். நாற்காலியின் இரு பக்கமும் நீண்ட கம்புகளைக் கட்டி, முன்னும் பின்னுமாகப் பலர் தோள் கொடுத்துத் தூக்குவதே டோலி. ஓர் ஆள் களைத்தால் இன்னோர் ஆள் மாறித் தோள் கொடுப்பான். அரிசி மூட்டை, இரும்புக் கட்டில், கண்ணாடிச் சன்னல், சமையல் பாத்திரம், புத்தகப் பெட்டி எல்லாம் ஆள் தலையிலும் பொதி விலங்குகளின் முதுகிலும் ஏறின.

இப்போது நாம் சலேத் மாதா ஆலயத்தையும் செண்பகனூர்க் கல்லூரியையும் சூரிய ஆய்வுக்கூடத்தையும் வேறு கண்ணால் பார்க்கலாம். வானத்தை ஆராயும் நுட்பமான கருவிகள் வந்து சேர்ந்த காலத்திலும் சாலை முடிந்திருக்கவில்லை. 1909 ஆம் ஆண்டில் அந்த ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். உலகம் வியந்த அந்தக் கண்டுபிடிப்புக்கு அடியில் பெயர் தெரியாத எத்தனையோ சுமையாட்களின் தோள்கள் இருந்தன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வெள்ளையர் வந்துதான் இம்மலையில் மனிதர் வாழத் தொடங்கினார்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. பளியர் முதலிய மலைவாழ் மக்களுக்கு இம்மலையின் தடங்கள் எல்லாம் தொன்று தொட்டே தெரியும். பழனி மலைகளில் பல இடங்களில் பண்டைத் தமிழர் இறந்தோருக்கு அமைத்த கல்திட்டைகள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து 1928 ஆம் ஆண்டில் தொல்பொருள் துறையின் வாயிலாக நூல் வெளியிட்டவர்கள் ஆங்கலாத் அடிகளார், நியூட்டன் அடிகளார் என்ற இயேசு சபைக் குருக்கள் இருவர். சாலைக்கு வயது நூற்றுச் சொச்சம். தடத்துக்கு வயது ஆயிரக்கணக்கு.

வளைவின் கணக்கு

நடைபாதை இருக்கும்போது அதையே அகலமாக்கிச் சாலையாக்கியிருக்கக் கூடாதா? ஏன் வேறு பக்கமாக, வத்தலக்குண்டு வழியாக, இத்தனை சுற்றிச் சாலை போட வேண்டும்? இதற்கு விடை கணக்குப் பாடத்தில் இருக்கிறது.

ஏற வேண்டிய உயரம் சுமார் 1,800 மீட்டர். பழைய நடைபாதையின் நீளத்தை 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18,000 ஐ 1,800 ஆல் வகுத்தால் 10. அதாவது பத்து மீட்டர் முன்னே சென்றால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். இது சராசரிதான், சில இடங்களில் இன்னும் செங்குத்து. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி அதில் ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது உருண்டு போகும். இனி, மலைச் சாலையின் ஏற்றத்தை 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45,000 ஐ 1,800 ஆல் வகுத்தால் 25. இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். மாடும் ஏறும், மோட்டாரும் ஏறும்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். செங்கோண முக்கோணமாக ஒரு காகிதத்தை வெட்டி, அதன் சாய்ந்த விளிம்பை மையால் கோடிட்டு, ஒரு பென்சிலைச் சுற்றிச் சுருட்டுங்கள். மைக்கோடு பென்சிலைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். மலைச் சாலையும் அதுவே. சாய்தளம் நீளமானால் முயற்சி குறையும் என்று அறிவியலில் படித்தோமே, அந்தப் பாடத்தை மலையின்மேல் எழுதி வைத்ததுதான் சாலை. மலைச்சரிவு இடங்கொடாதபோது சாலை வந்த திசையிலேயே திரும்பி மேலே செல்கிறது. அந்தத் திருப்பத்தைத்தான் கொண்டை ஊசி வளைவு என்கிறோம்.

மேஜர் லா 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாறு சாலையின் போக்கை வகுத்தார். ஆனால் வேலை பல்லாண்டுகள் இழுத்தது. 1914 ஆம் ஆண்டில்தான் சாலை முடிந்தது. இன்றைய பெரிய இயந்திரங்கள் இல்லாத காலம் அது. கடப்பாரையும் சம்மட்டியும் மண்வெட்டியும் கூடையும் வெடிமருந்துமே கருவிகள். பாறையில் துளையிடுவது, மருந்து கெட்டித்து வெடிப்பது, கல்லை உடைப்பது, உடைத்த கல்லைக் கூடையில் சுமந்து கொட்டுவது என்று அக்காலச் சாலை வேலை முழுவதும் ஆண் பெண் இருபாலாரின் உடலுழைப்பால் நடந்தது. மலையடிவாரங்களில் அன்று மலேரியாக் காய்ச்சலும் கடுமை. எங்கள் தோழியின் கேள்விக்கு நாங்கள் தேடிய விடை இதுதான்: அவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கள் கைக்கு எட்டவில்லை; அவர்கள் அடுக்கிய கற்கள் மட்டும் எட்டின.

வாருங்கள், பேருந்தில் ஏறுவோம்!

இப்போது நாம் வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் நிற்கிறோம். இங்கிருந்து கொடைக்கானல் 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வூர் வெறும் சந்திப்பு அன்று. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தியாகி சுப்பிரமணிய சிவா 1884 ஆம் ஆண்டில் பிறந்த மண் இது. தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயரும் இவ்வூரினரே. வெற்றிலைக் கொடிக்காலும் தென்னையும் வாழையும் நிறைந்த பசுமையான பூமி.

மேற்கு நோக்கிச் சென்று, காமக்காபட்டிப் பிரிவில் பெரியகுளம் சாலையை விட்டு வலப்புறம் திரும்புகிறோம். சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. ஓட்டுநர் பல்லிணையை மாற்றுகிறார், வண்டி முனகுகிறது. புளியமரங்கள் மறைகின்றன. காது அடைப்பது போல் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதே இதற்குக் காரணம். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். எலுமிச்சம் பழத்தை மோந்துகொண்டே வரும் தோழியரும் இருக்கிறார்கள். அவர்கள் தூரத்துப் பொருளைப் பார்த்துக்கொண்டு வந்தால் தலைச்சுற்றல் குறையும்.

அதோ, டம்டம் பாறை! வண்டிகள் நின்று இளைப்பாறும் இடம். எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு வெள்ளை நூல் தொங்குவது போலத் தெரிவதுதான் தலையாறு அருவி. எலிவால் அருவி என்று மக்கள் அழைக்கிறார்கள். இதன் உயரம் 297 மீட்டர். தமிழ்நாட்டிலேயே மிக உயரமான அருவி இதுவே. அந்நீர் கீழே மஞ்சளாறு அணையில் சேர்வதையும் இங்கிருந்தே காணலாம். வரைபடத்தில் கோடாகப் படித்ததைக் கண்ணால் படிக்கும் இடம் இது.

மேலே செல்லச் செல்லக் காபித் தோட்டங்களும் மலைவாழைத் தோட்டங்களும் ஆரஞ்சு மரங்களும் வருகின்றன. ஊத்து, மச்சூர், வாழைகிரி என்று சிற்றூர்கள். இடையே பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலிய ஊர்களுக்குச் செல்லும் கிளைப் பாதை பிரிகிறது. பின்னர் பெருமாள்மலை. சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள பெருமாள் சிகரத்தின் அடியில் அமைந்த இவ்வூரில்தான் பழனியிலிருந்து ஏறிவரும் சாலை நம் சாலையோடு கூடுகிறது. மேல்மலைக் கிராமங்களில் விளையும் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் லாரிகளில் இறங்கி வருகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் காரமும் மண்ணின் கொடை. அது சந்தைக்கு வந்து விலையாவது சாலையின் கொடை.

கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு வளைவில் வெள்ளி நீர்வீழ்ச்சி சாலையோரமாகவே விழுகிறது. இது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர்தான். நாம் இன்னும் ஊரைக் காணுமுன்னே ஊரின் ஏரி நம்மை எதிர்கொண்டு வரவேற்கிறது! அப்பால் செண்பகனூர். ஆண்டுதோறும் ஆகஸ்டு 14, 15 நாட்களில் சலேத் மாதா திருவிழா நடக்கும்போது, சேன் சீர் அடிகளார் தோளும் காலும் நம்பி ஏறிய மலைக்கு இன்று மக்கள் இச்சாலை வழியே பேருந்தில் வந்து சேர்கிறார்கள்.

சாலையின் பகைவன்

மலைச் சாலையின் முதற்பகைவன் யார் தெரியுமா? வண்டியன்று, தண்ணீர். சரிவில் இறங்கும் மழைநீர் சாலையின்மேல் ஓடினால் தார் பெயரும். சாலைக்கு அடியில் புகுந்தால் மண் இளகிச் சரியும். ஆகவேதான் மலைப்பக்கமாக ஓரக்கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். அதில் சேரும் நீரைச் சாலைக்கு அடியில் சிறு பாலங்கள் வழியாகப் பள்ளத்தாக்குப் பக்கம் கடத்துகிறார்கள். மண் சரியும் இடங்களில் கல் அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்பி, உள்ளே தேங்கும் நீர் வெளியேறத் துளைகளும் விடுகிறார்கள். நாம் சன்னல் வழியே எறியும் ஒரு நெகிழிப் பை ஓரக்கால்வாயில் அடைத்துக்கொண்டால், அடுத்த மழையில் நீர் வழிமாறிச் சாலையை அரிக்கும். குப்பை அழகைக் கெடுப்பது மட்டுமன்று, சாலையையே கெடுக்கும்.

2018 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கஜா புயல் கடற்கரையோடு நிற்காமல் உள்நாட்டுக்குள் வந்து இம்மலையையும் தாக்கியது. மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, சாலைகள் அடைபட்டன. அவ்வேளையில் மழையில் நனைந்தபடி மரங்களை அறுத்து, மண்ணை வாரி, வழியைத் திறந்தவர்களை யாரும் படம் எடுத்து மாட்டவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர்கள்தாம் மண்வெட்டியோடு ஓரத்தில் நிற்கிறார்கள். 1914 இல் பெயர் இல்லாமற் போனவர்களின் வரிசை இன்னும் முடியவில்லை.

சாலைக்கு இன்னொரு சோதனை கூட்டம். 1985 ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் உருவானபோது இருந்ததைவிட வண்டிகள் இன்று பன்மடங்கு. மாட்டு வண்டிக்கு வகுத்த வளைவுகளில் மணிக்கணக்காகக் கார்கள் நிற்கின்றன. இதனால் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 ஆம் ஆண்டு மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஆம் ஆண்டுக் கோடைக்கு, வாரநாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இச்சாலையைச் சூழ்ந்த காடுகளின் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். இரவில் சாலையைக் கடக்கும் காட்டெருமைக்கு இ-பாஸ் தேவையில்லை. அது தன் வீட்டு முற்றத்தில் நடக்கிறது. விருந்தினர் நாமே.

இன்னும் இறங்காத டோலி

சாலையின் கதையை இத்துடன் மகிழ்ச்சியாக முடித்துவிடலாம் என்றுதான் எண்ணினோம். ஆனால் வரைபடத்தில் பழைய நடைத்தடத்தை விரலால் தொடர்ந்தபோது ஓர் ஊரில் விரல் நின்றது. அதன் பெயர் வெள்ளகவி.

பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய தடத்தில் இருக்கிறது இச்சிற்றூர். ஊர் முழுவதையும் கோயிலாக மதிப்பதால் அங்கே யாரும் காலணி அணிந்து நடப்பதில்லை. 1914 இல் புதிய சாலை வேறு பக்கமாக வந்ததும், மலைக்குச் செல்வோர் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. வெள்ளகவி பழைய தடத்திலேயே தங்கிவிட்டது. நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும், அங்கே நோயுற்றவர்களையும் கருவுற்ற தாய்மார்களையும் டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாளேடுகளில் படித்தோம். அரிசியும் சிமெண்டும் தலைச்சுமையாகவும் மட்டக்குதிரை மேலும் போனதைப் படித்தோம். வண்டிப் பாதை வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை நெடுநாளையது.

சற்றே எண்ணிப் பாருங்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அதே மலையில் டோலி ஏறியது, குளிர்காற்று வாங்கப் போனவர்களுக்காக. பிறகு டோலி ஏறி இறங்கியது, மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர்களுக்காக. ஏறியவர்களுக்குச் சாலை கிடைத்தது. தூக்கியவர்களின் ஊர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. ஒரு சாலை எத்தனை கிலோமீட்டர் நீளம் என்று அளப்பது பொறியியல். அது இன்னும் யாரைத் தோளில் சுமக்க விட்டிருக்கிறது என்று அளப்பது அறவியல். இரண்டு அளவையும் தெரிந்துகொள்வதே கல்வி என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைத் தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரம் சேர்த்தவரை ஆண்டவர் நமக்கு முன்மாதிரியாகக் காட்டினார். அந்தக் கதை நடப்பதும் ஒரு மலைச் சாலையில்தான். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில். வழியில் போகிறவன் யாரைக் கண்டு நிற்கிறான் என்பதே அங்கும் கேள்வி.

ஏறுகிறவருக்கு வழிவிடு

மலைச் சாலையில் ஒரு விதி உண்டு. செங்குத்தான இடத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து, இரண்டும் ஒருங்கே செல்ல இடமில்லையானால், இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்ட விதி. காரணம் எளிது. பாரத்தோடு ஏறிவரும் வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி நகர்வது கடினம். பின்னோக்கி உருளும் ஆபத்தும் உண்டு. இறங்கும் வண்டிக்கு அந்தத் துன்பம் இல்லை.

இந்த விதியைச் சாலையோடு விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. நம் வகுப்பில் சிலர் வீட்டில் படித்தவர்கள் பலர். சிலர் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவள் அவளே. சிலருக்கு மாலையில் தனிப்பயிற்சி. சிலருக்கு மாலையில் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும். எல்லாரும் ஒரே மலையில்தான் ஏறுகிறோம். ஆனால் சுமை ஒன்றன்று. சுமையோடு ஏறி வருகிறவளைக் கண்டால் நாம் சற்றே ஒதுங்கி நின்று வழிவிடுவோம். குறிப்பேட்டைக் கொடுப்பதும், புரியாத கணக்கை இன்னொரு முறை சொல்லித் தருவதும் வழிவிடுதலே. நாளை நம்மில் ஒருத்தி பொறியாளராகலாம், ஒருத்தி மருத்துவராகலாம், ஒருத்தி ஊராட்சித் தலைவியாகலாம். அன்று வெள்ளகவி போன்ற ஓர் ஊரின் மனு அவள் மேசைக்கு வரும். அந்த மனுவும் ஏறி வருகிற வண்டிதான்.

அடுத்த முறை நாம் கொடைக்கானல் பேருந்தில் செல்லும்போது, வளைவுகளை எண்ணுவோம், அருவியைக் காண்போம், பாட்டும் பாடுவோம். ஆயின் ஒரு வளைவிலேனும், ஓரத்துத் தடுப்புச் சுவரில் பாசி படிந்த கற்களைப் பார்த்து, அவற்றைச் சுமந்தவர்களுக்காக மனத்துக்குள் ஒரு செபம் சொல்வோம். ஓரத்தில் மண்வெட்டியோடு நிற்கும் அண்ணனையோ அக்காளையோ கண்டால் கையசைப்போம். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாவிட்டாலும், எல்லார் பெயரையும் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார்.